புரோகிராமும் பழைய நேரமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒரு கலியாணத்தை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். புரோகிராம் இல்லாமல் முடியாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை மாப்பிள்ளையின் வேன் டயகமப் பாதையில் சேற்றில் புதைந்து, மத்தியானம் வரை வந்து சேரவில்லை. பந்தலில் இருந்து ஒருத்தரைக்கூட எழும்ப விடாமல் மைக்கிலேயே கட்டிப்போட்டு வைத்த மனிதர்தான் இந்தப் புரோகிராம். கடைசியில் மாப்பிள்ளை வந்து இறங்கியபோது, நல்ல நிகழ்ச்சியின் நடுவில் குறுக்கே வந்த ஆளைப் பார்ப்பதுபோலத்தான் சனம் அவனைப் பார்த்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு எல்லாமே அவர் வாயில் 'புரோகிராம்'. "அப்பாவோட கருமாதி புரோகிராம் நல்லா அமைஞ்சிருச்சுங்க" என்று செத்தவரின் மகனிடமே சிரித்த முகத்தோடு சொல்லக்கூடிய மனிதர். ஹட்டனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. கொழும்பில் புதுச் சாமான் ஒன்று வந்து இறங்கினால், கொழும்புக்காரன் பொட்டியைப் பிரிப்பதற்குள் அது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மின்னிக்கொண்டோ ஊதிக்கொண்டோ இருக்கும்.

அப்படித்தான் புகை மெசின் வந்தது. ஒரு சடங்கு வீட்டில், பெண் மேகத்திலிருந்து இறங்கி வருவதாக ஏற்பாடு. மலையில் ஏற்கெனவே மூடுபனி. அதற்குமேல் மெசினும் ஊத, கீழ்லயம் தீப்பற்றிவிட்டது என்று மேல்லயத்துக்காரர்கள் முடிவுகட்டி, வாளி வாளியாகத் தண்ணீரோடு ஓடிவந்து வீசிவிட்டார்கள். பட்டுப்பாவாடையோடு அந்தப் பெண் தொப்பலாக நின்றாள். புரோகிராம் அசரவில்லை. மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக, பன்னீர் தெளிக்கும் நிகழ்ச்சி" என்று அறிவித்தார்.

பிறகு வோக்கிடோக்கி. பந்திக்கும் மணவறைக்கும் நடுவில் பேசிக்கொள்ளவாம். பாதை நெடுகச் சோதனைச்சாவடி இருந்த காலம் அது. பையில் இரண்டு வோக்கிடோக்கியோடு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட தமிழனின் கதி என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. "மாத்தயா, மகுல் கெதர வெடக்!" கலியாண வீட்டு வேலை ஐயா என்று அவர் சிங்களத்தில் கதறியதைப் பஸ்ஸில் இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். அவருக்கே கருமாதி புரோகிராம் போட வேண்டி வருமோ என்று பொழுதுசாயும்வரை பாதையைப் பார்த்துக் காத்திருந்தோம். ஆள் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். வோக்கிடோக்கி போய்விட்டது. பதிலுக்கு, சாவடியில் அவரைப் பிடித்து வைத்த அதிகாரியின் தங்கச்சி கலியாணத்துக்கு மேடை அலங்காரம் செய்யும் வேலை கையில் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் தங்கை விஜயாவின் கலியாணத்தை ஒப்படைத்தோம். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சிக்கலுக்கு மருந்து அவரிடம் மட்டுமே இருந்தது.

எங்கள் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். கலியாணத்துக்கு லீவு கேட்டதற்கு அந்த வீட்டு மேடம் முடியாது என்றுவிட்டார். அம்மா வரட்டும் என்று இரண்டு தடவை முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டோம். மூன்றாம் தடவை தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். விஜயாவோ, அம்மா இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

புரோகிராம் வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"தங்கச்சி, அம்மாவ வரவைக்க என்னால முடியாது. அம்மா சத்தத்த வரவைக்கிறேன். நீ தாலி கட்டிக்கிறது அம்மாவுக்குக் கேக்கும். அம்மா ஒன்ன வாழ்த்துறது இந்த மல பூராவுக்கும் கேக்கும். சம்மதமா?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பிப் படுத்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

செல்போன் எங்கள் பக்கம் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. போன் இருந்தாலும் சிக்னல் இருக்காது. புரோகிராம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். கோயிலில் இல்லை, லயத்தில் இல்லை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மட்டும் இருந்தது. "கலியாணம் மடுவத்துலதான்" என்று அறிவித்துவிட்டார். சாமி இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தராசு தொங்குகிற இடத்திலா என்று கோயில் ஐயர் குதித்தார். "சாமி எங்கயும் இருப்பாருங்க. சிக்னல் இங்க மட்டுந்தான்" என்றார் புரோகிராம்.

கலியாணம் ஒரு போயா விடுமுறை, பௌர்ணமி நாள், திங்கட்கிழமை. விடிவதற்குள் விசில் ஊதி, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாதிரி சொந்தக்காரர்களை வரிசையில் நிறுத்திவிட்டார்.

"தாய்மாமன் ரெண்டு பேரும் பந்தி! சித்தப்பா, செருப்பு பாத்துக்கிங்க! அத்தைமாரு யாரும் அழக்கூடாது, மைக்குல விழும்!"

போனின் காதுப்பக்கம் ஒரு மைக், வாய்ப்பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கர், சுற்றிவர சைக்கிள் டியூப் ரப்பர். மடுவத்துக் கூரையில் இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர். போன் அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நான்; அன்றைக்கு வெறும் கம்பம்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் புரோகிராம் ஐயரிடம் போனார். "பொண்ணக் கூப்பிடலாங்களா?"

ஐயர் ஆற அமரத் தேங்காய்க்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "என்ன அவசரம்? ராகுகாலம் நடந்துக்கிட்டிருக்கு."

"ஒம்போதுக்கு முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஒம்போதுக்கு இன்னும் அரை மணிக்கு மேல கெடக்கே."

மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். புரோகிராம் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஒன்பது ஆகப்போகிறது.

அப்போது நாட்டில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. பஸ், பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர் எல்லாம் புது நேரம். பஞ்சாங்கமும் ஐயரும் பழைய நேரம். ஐயர் சொன்னதைப் புது நேரம் என்று எடுத்துக்கொண்டு, புரோகிராம் குவைத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால் பத்து நிமிசம் பேச மேடம் அனுமதி கொடுத்திருந்தார். நாங்கள் போன் போட்டால் மேடம் வைத்துவிடுவார். அங்கேயிருந்து அம்மா போட்டால்தான் உண்டு.

"இப்பவே கட்டிடலாம்" என்றேன் நான்.

"ராகுகாலத்துலயா?" அப்பா குறுக்கே வந்தார். "மாப்புள வூட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்கடா."

போன் அடித்தது. மலை முழுக்க அடித்தது.

"ஹலோ... யாரு? விஜயாவா?"

வருசக்கணக்காகக் கேட்காத குரல் கூரையிலிருந்து வந்ததும் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஜயா மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, நான் புரோகிராம் பேசறேங்க. சின்னப் பிசகு. ஐயரு பழைய நேரத்துல இருக்காரு. தாலிக்கு இன்னும் அரை மணி ஆவும்."

"ஐயோ தம்பி! எனக்குப் பத்து நிமிசந்தான் குடுத்திருக்காங்க. மேடம் இந்தா பக்கத்துலயே நிக்கிறாங்க."

"நிக்கிறாங்களா? அப்ப போன அவங்க கையில குடுங்க."

"வேணாந் தம்பி, ஏசுவாங்க!"

"குடுங்கக்கா."

புரோகிராமுக்குத் தெரிந்த இங்கிலீசெல்லாம் கலியாண ஆல்பத்தின் அட்டையில் அச்சடித்திருப்பது மட்டும்தான். அதை நம்பித்தான் என் தங்கையின் வாழ்க்கை நின்றது.

"குட் மோர்னிங் மேடம்! வெல்கம் டு அவர் புரோகிராம்! யூ ஆர் த சீஃப் கெஸ்ட்!"

கூட்டம் முழுக்கக் கூரை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தது.

"ஹூ இஸ் திஸ்?"

"ஐ ஆம் புரோகிராம், மேடம்."

அடுத்து நடந்ததை அவர் வாழ்நாளின் மிகப்பெரிய புரோகிராம் என்பேன். மூச்சு விடாமல் நேர்முக வர்ணனை. கொழுந்து மடுவம் 'டீ பேலஸ்' ஆனது. அப்பா 'ஃபாதர், பிக் மேன்' ஆனார். "ஸ்பெஷல் மியூசிக் ஃபார் மேடம்!" என்று தப்புக்காரர்களுக்குக் கையைக் காட்ட, அவர்கள் மேடத்துக்காகவே ஒரு அடி அடித்தார்கள். மேடம் சிரித்தார். பெண்ணின் சேலை என்ன நிறம் என்று கேட்டார். எப்போது முடியும் என்று கேட்டபோதெல்லாம், "டூ மினிட்ஸ் மேடம்" என்றார் புரோகிராம். அந்தக் குளிரில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. என் கையில் சிக்னல் கோடு குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. ஐயரோ கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எருமை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழும்பிப் போய் அந்த முள்ளை என் கையாலேயே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அப்போது அங்கே ஒரு குழந்தை வீறிட்டது. மேடத்தின் குரல் மாறிவிட்டது. அரபியில் அம்மாவை அதட்டிக் கூப்பிட்டார். அம்மா ஓடி வருவதும், குழந்தையைத் தூக்கி அந்தப் பாஷையிலேயே கொஞ்சுவதும் கூரையிலிருந்து தெளிவாகக் கேட்டது. விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தக் குழந்தைமேல் பொறாமையாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுகை வந்தது.

"ஃபினிஷ். பாய்" என்றார் மேடம்.

புரோகிராம் மேடைக் குரலை விட்டுவிட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேடம். ஹர் டோட்டர். ஒன் டோட்டர். ப்ளீஸ்."

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"தம்பி, நான்தான். போன எங்கிட்டயே குடுத்துட்டாங்க" என்றது அம்மாவின் குரல். இடுப்பில் குழந்தை விசும்புவதும் சேர்ந்து கேட்டது.

"அக்கா, அப்படியே குசினிக்குப் போங்க. பச்சரிசி ஒரு கை அள்ளிக்கிங்க."

ஐயர் ஒருவழியாகத் தலையசைத்தார். கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது. அட்சதை பறந்தது. புரோகிராம் கையை உயர்த்தியதும் மேளம் சட்டென்று நின்றது.

"இப்பப் போடுங்கக்கா."

கூரை ஸ்பீக்கரிலிருந்து அரிசி விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் மண் தரையில் அரிசி விழுந்தால் சத்தம் வராது. அது பளிங்குத் தரை. சலசலவென்று உருண்டு ஓடியது.

"நல்லா இரும்மா. நல்லா இரு." பிறகு அவசரமாக, "மேடமும் ஒரு கை போட்டாங்கம்மா" என்றார் அம்மா.

"அம்மா..." என்றாள் விஜயா.

"அழாதடி, மை கரையும். சரி, வச்சிர்றேன். வேன் வந்திருச்சு. தரை பூரா அரிசி கெடக்கு, கூட்டணும்."

போன் நின்றுவிட்டது. எந்தப் புரோகிராம் முடிந்தாலும் சமையல்காரர் முதல் செருப்புப் பார்த்தவர்வரை எல்லாருக்கும் நன்றி சொல்லிக் கழுத்தறுப்பவர், அன்றைக்கு அந்த நன்றியுரையையே விட்டுவிட்டார். கையிலிருந்த மைக்கை நிறுத்த மறந்து, தராசுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதது மலை முழுக்கக் கேட்டது. போய் அந்த மைக்கை நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.