பிளாஸ்டர் சாரும் அண்ணனின் குதிகாலும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே செருப்புப் போட்டு நடக்கிற அத்தனை பேருடைய குதிகாலையும் அறிந்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பிளாஸ்டர் சார்தான். முகம் அவருக்கு நினைவில் நிற்காது. "ஆரு, இடது சுண்டுவிரல் மேல ஏறி இருக்குமே, அந்தப் பயலா?" என்றுதான் கேட்பார்.

நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. அவர் பையில் பிளாஸ்டர், பஞ்சு, வாசலின், மாற்றுச் சாக்ஸ் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு அடியில், நசுங்கிப்போய், மதியச் சோறும் இருக்கும்.

கொல்லயில் என்ற ஊரில் ஒரு கல்யாணம். சர்ச்சில் மாப்பிள்ளை கண் கலங்கி நின்றார். மணப்பெண்ணைப் பார்த்து உருகுகிறார் என்று பெண் வீட்டாரும் உருகினார்கள். பிளாஸ்டர் சார் மட்டும் எழுந்து முன்னால் போனார்.

"போதகரே, ஒரு நிமிசம் பொறும்."

மாப்பிள்ளையை உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டினார். "புது ஷூவ வீட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பழகணுமாக்கும். நேரா கல்யாணத்துக்கா போடுவ மக்கா?"

அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை சிரிக்கிற படங்களெல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை.

உதியன்குளங்கரையில் நானும் என் அண்ணனும் அடுத்தடுத்த வீடு. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னதும் புது ஷூ வாங்கி, சாக்ஸ் போடாமலே நடந்தார். குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். இதை நான் அலுவலகத்தில் பேச்சுவாக்கில் சொல்ல, பிளாஸ்டர் சார் அப்போதே லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது அண்ணன் ஊக்கைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

"எலே, குத்தாத. அந்தத் தோலுதான் உனக்க மருந்துக்கட்டு" என்று சார் ஊக்கைப் பிடுங்கினார்.

"காலு எனக்கதாக்கும் சாறே. வலிக்கவே இல்ல, பின்ன என்ன?"

சாரின் முகம் மாறிவிட்டது. "வலிக்கல்லியா? மக்கா, சர்க்கரையில காலு மரத்துப்போனா வலி தெரியாது. அதுதான் எனக்குப் பயம்." குனிந்து தொட்டுப் பார்த்தார். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தது. "ஆட்டோ கூப்பிடு" என்றார் என்னிடம்.

"ஒரு கொப்பளத்துக்கா ஆஸ்பத்திரி? ஆளுக சிரிப்பாவ."

"சிரிக்கட்டு. ரெண்டு காலிலயும் நிண்ணு நீயும் கூடச் சிரி."

காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அண்ணனின் பாதம் சாரின் மடியில் இருந்தது. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, கிருமி இப்போதுதான் நுழைய ஆரம்பித்திருக்கிறது, காலுக்கு ஆபத்து இல்லை என்றார். சார் நம்பாமல் மறுபடியும் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, மாத்திரையும் எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் சார் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "இப்பத்தான் மக்கா பசிக்கு" என்றார். நசுங்கிய சோற்றை மூன்று பேரும் பகிர்ந்து தின்றோம். எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

புண் ஆறிவிட்டது. டாக்டர் சம்மதித்த பிறகு, அளவான ஷூ போட்டு அண்ணனும் சாரும் தினமும் காலையில் சேர்ந்தே நடக்கிறார்கள். சாக்ஸ் ஈரமா இல்லையா என்று முக்குவரை சண்டை. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாயா இறங்குகிறது.