ஒரு குழாயா, மூன்று குழாயா?

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, "ஒரே ஒரு விஷயத்தையாவது நானே முடிவு பண்ணிக்கறேன்" என்று உங்கள் கணவர் கெஞ்சினால், நீங்கள் விடுவீர்களா, மாட்டீர்களா? நான் விட்டேன். எனக்கு இளகிய மனசு.

என் கணவன் வீபே கேட்டது ராஜ்யமில்லை. ஒரு பெட்டி.

முன்னறையில் நானூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்திருந்தான். உப்புத் தண்ணீர் நிரப்பிப் பவளம் வளர்க்கப் போகிறானாம். தொட்டியின் பின்கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும். அதன் வழியாகத் தண்ணீர் கீழே அலமாரிக்குள் இருக்கிற சம்ப் என்கிற சின்னத் தொட்டியில் விழும். அங்கே அழுக்கைக் கழித்துக்கொண்டு, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். ஓட்டைக்கு முன்னால் சீப்புப் பல் வைத்த ஒரு பெட்டி ஒட்டவேண்டும், வழிகிற தண்ணீரை வாங்கிக் குழாயில் விட. இந்த வழிநீர்ப் பெட்டியைத்தான் வீபே ஏழு மாதமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஃபென்னாவை நான் ஒன்பது மாதத்தில் பெற்றுவிட்டேன். அதுவும் கை, கால், தொண்டை எல்லாம் பொருத்தி. தொண்டை கொஞ்சம் அதிகமாகவே.

ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் ஊரான பொல்ஸ்வார்டில், எங்கள் தெருவில் ஒருவரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. போட்டால் உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். அதனால் காலித் தொட்டியை ஊரே பார்த்தது. எதிர்வீட்டு ரீங்க், ஓய்வுபெற்ற படகுக்காரர், நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டுவார்.

"ஏம்பா வீபே, உன் மீனெல்லாம் ரொம்பக் கூச்சமோ? ஒண்ணும் வெளிய வரமாட்டேங்குதே!"

எனக்குக் கவலை மீனில்லை. ஃபென்னாவுக்குப் பத்து மாதம். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் படுக்கப் போட்டால் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்து தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அவள் தூங்கினால்தான் நான் தூங்க முடியும். பத்து மாதமாக நான் கண்ணைத் திறந்துகொண்டே உருளைக்கிழங்கோடு பேசும் நிலைக்கு வந்திருந்தேன். தொட்டியோ அவள் அறைச் சுவரை ஒட்டி நின்றது. சத்தம் வந்தால் அந்தக் கால் மணி நேரமும் போச்சு.

பால் கொடுக்கிற நேரத்தில் நானும் வீபே இணையத்தில் மேய்கிற பவளத்தொட்டி மன்றத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரு குழாய் வைத்த பெட்டி சன்னமாக, அழகாக இருக்கும். ஆனால் தண்ணீரும் காற்றும் ஒரே வழியில் முண்டியடித்துக் கொடகொடக்கும். மூன்று குழாய்ப் பெட்டியில் முதல் குழாய் தண்ணீரை மட்டும் நிறைய இழுக்கும், சத்தமே வராது. இரண்டாவது மிச்சத்தை வாங்கும். மூன்றாவது அடைப்பு வந்தால் மட்டும் வேலை செய்யும்.

"வீபே, மூணு குழாய் பெட்டி வாங்கிடேன்."

"ஏன்? ஒரு குழாய் போதும்."

"நத்தை போய் உக்காந்து அடைச்சுக்கிட்டா? தரையெல்லாம் கடலாயிடும்."

"அடைக்காது. அந்த மூணாவது குழாய் வருஷம் முழுக்க சும்மாதானே நிக்கும்?"

"சும்மா நிக்கறவங்களையும் வீட்ல வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

வீபே நாற்காலியை விட்டு எழுந்தான். ஃப்ரீஸ்லாந்துக்காரன் வாயைத் திறப்பதே அபூர்வம்; எழுந்து நின்று பேசினால் அது வரலாறு.

"வீட்டை நீ எடுத்த. கட்டிலை நீ எடுத்த. குழந்தைக்குப் பேரை நீ வச்ச. இந்தப் பெட்டி என்னோடது, யிட்ஸ்கே! நான் மட்டும்தான் எடுப்பேன்!"

"சரி. எழுதி வச்சுக்கலாம்."

"எழுதியா?"

"பேச்சு பேச்சா இருக்கணும்ல?"

இரண்டே வரி எழுதினேன். ஒன்று: பெட்டியை வீபே மட்டுமே தேர்ந்தெடுப்பான். இரண்டு: அதை வைத்த பிறகு ஃபென்னா மத்தியானம் தூங்காவிட்டால், வீபே வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அவனே தூங்க வைக்க வேண்டும். புதன்கிழமை அவனுக்கு வேலை கிடையாது. எங்கள் நாட்டில் பாதி ஆண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் 'அப்பா நாள்'. அப்பா நாளில் வீபே தொட்டிக்குத்தான் அப்பா. சனி, ஞாயிறும் அப்படித்தான்.

கையெழுத்துப் போட்டான். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் போலக் கழிப்பறையில் தொங்குகிற பிறந்தநாள் நாள்காட்டிக்குக் கீழே அதை ஒட்டினேன். வருகிற விருந்தாளிகள் ஒருவர் விடாமல் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டு வருவார்கள். இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

வீபே ஒரு குழாய்ப் பெட்டிதான் வாங்கினான். வேறெது வாங்குவான்? வைரப்பொடி வைத்த துளைகருவியால், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கண்ணாடியில் வட்டமாக ஓட்டை போட்டான். உடையவில்லை. எனக்கே ஆச்சரியம். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் சீப்புப் பல்லில் வழிந்து குழாயில் இறங்கியது.

கொட... கொட... கொடக்... க்ளுக்.

பல் கட்டிய நூறு கிழவர்கள் சேர்ந்து பட்டாணி சூப் உறிஞ்சுகிற மாதிரி.

"வால்வைக் கொஞ்சம் திருகினா சரியாயிடும்" என்றான் வீபே. திருகினான். கிழவர்கள் இருநூறு ஆனார்கள்.

பன்னிரண்டரைக்கு ஃபென்னாவைப் படுக்கப் போட்டுவிட்டு, இனி வீபே பாடு என்று நான் சந்தோஷமாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். ஒரு மணி. ஒன்றரை. ஃபென்னா எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் உள்ளே ஓடினேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வரை தூங்கினாள்!

அப்புறம் மூன்று வாரம் வீபே நடந்த நடை இருக்கிறதே!

"என்ன யிட்ஸ்கே, ஆம்பள எடுத்த முடிவு எப்படி?"

காப்பிக்கு வந்த ரீங்க்கிடம், "இவ மூணு குழாய்ங்கறா. நான் அசையலியே!"

ரீங்க் காதைக் குடைந்துகொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்ல எப்பவும் யாரோ கக்கூஸ்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காப்புல இருக்கேப்பா."

வீபேயின் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் யார் வந்தாலும் சத்தம்தான் பேச்சு. தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்தால் யார் ஜெயித்தார் என்பது காதில் விழவில்லை. அவன் ரகசியமாக மன்றத்தில் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கத்தான் அவனை மானம் விடவில்லை.

இதற்கிடையில், ஒரு செவ்வாய்க்கிழமை, போனில் அக்கா பேசுவது கேட்கவில்லையென்று மோட்டாரை நிறுத்தினேன். இரண்டு நிமிஷத்தில் ஃபென்னா வீறிட்டாள். போட்டேன், தூங்கினாள். நிறுத்தினேன், வீறிட்டாள். போட்டேன், தூங்கினாள். அக்காவை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு யோசித்தேன்.

அன்று சாயங்காலம் வீபே தொண்டையைக் கனைத்தான்.

"வந்து... குழந்தை வளர்ச்சிக்கு அமைதி ரொம்ப முக்கியமாம்."

"யாரு சொன்னா?"

"மன்றத்துல."

"மீன்காரங்களா?"

"அதனால வேற பெட்டி மாத்தலாமான்னு... நானே யோசிச்சேன். நீ சொன்னதால இல்ல!"

"எத்தனை குழாய்?"

சுவரைப் பார்த்தான். "மூணு."

நான் சிரிக்கவில்லை. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டேன். "உன் இஷ்டம். ஆனா புதுப் பெட்டிக்குப் புதுசா கையெழுத்து போடணுமே. அதே ரெண்டு வரிதான்."

"சத்தமே வராத பெட்டி. எனக்கென்ன பயம்?" பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலையில் அவன் தண்ணீரை இறக்குவதற்குள் நான் செல்போனைத் தொட்டிக்குப் பின்னால் வைத்து, அந்தக் கொடகொடப்பை இரண்டு மணி நேரம் பதிவு செய்துகொண்டேன். நடுவில் ரீங்க்கின் நாய் ஒருமுறை குரைக்கும். பரவாயில்லை.

வீபே தண்ணீரை இறக்கி, பழைய பெட்டியைக் கழற்றி, இன்னும் இரண்டு ஓட்டை போட்டு, எனக்குத் தெரியாமல் முன்பே வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியை ஒட்டினான். பழையதை மன்றத்தில் யாரோ ஒருவன் அப்போதே வந்து தூக்கிக்கொண்டு போனான். பசை காய மூன்று நாள் விட்டு, சனிக்கிழமை மோட்டாரைப் போட்டான். உண்மையிலேயே சத்தமில்லை. வீபே கண்கலங்கினான்.

பன்னிரண்டரைக்கு ஃபென்னாவைப் படுக்கப் போட்டோம். பன்னிரண்டு முப்பத்திரண்டுக்குத் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

வீபே என்னைப் பார்த்தான். நான் கழிப்பறைக் கதவைப் பார்த்தேன்.

தூக்கினான், ஆட்டினான், பாடினான். வெளியே ரீங்க் கண்ணாடியைத் தட்டி, "இப்ப மீன் அழுவுதாப்பா?" என்றார்.

"மூணு நாளா மத்தியானம் ஒழுங்காத்தானே தூங்கினா? மோட்டாரே ஓடலியே! நீ எப்படித் தூங்க வச்ச?" என்று கேட்டான் வீபே, வியர்த்துக்கொண்டு.

"நான் அம்மா இல்லையா? என் மனசு அவளுக்குத் தெரியும்" என்றேன், ஏப்ரன் பையில் இருந்த செல்போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஒரு மணிக்கு அவனுக்கே புரிந்துவிட்டது போல. கதவிடுக்கில் பார்த்தேன். தொட்டிலின் மேல் குனிந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, என் கணவன் தன் வாயாலேயே கொட, கொட, கொடக், க்ளுக் என்றான். ஃபென்னா கண்ணை மூடினாள். மூச்சு வாங்க நிறுத்தினான். திறந்தாள்.

நான் சோபாவில் நீட்டிப் படுத்து, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளை வேறொருவர் தூங்க வைக்க, நான் படுப்பது அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

"வீபே" என்று கூப்பிட்டேன், "கொஞ்சம் சத்தமா பண்ணேன், எனக்கும் தூக்கம் வரணும்ல."