ஓலைப்பெட்டிச் சேலையில் ஒரு கவுன்

புதிதாகத் தையல் பழகியவள் இருக்கிற வீட்டில் எந்தத் துணியும் நிம்மதியாகக் கொடியில் காய முடியாது. கிழிந்தது, கிழியப்போவது, கிழித்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுவது: அவள் கண்ணுக்குத் துணிகள் இப்படித்தான் தெரியும். கல்யாணமான புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன். என் மாமனார் தோள் துண்டை இறக்காமலே சாப்பிட்டார், இறக்காமலே தூங்கினார். (பாவம், கண்ணை மூடினால் மருமகள் அதை ஜட்டியாக்கிவிடுவாள் என்ற பயம்.)

நான் அருப்புக்கோட்டைக்காரி. அப்பாவுக்கு நூல் வியாபாரம். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் தையல் கிளாஸ் போனேன். போனேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கழுத்து வெட்டச் சொல்லிக்கொடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், கை வைக்கச் சொல்லிக்கொடுத்த வாரம் சித்தி மகள் கல்யாணம். கழுத்தும் கையும் தவிர மற்றதெல்லாம் தெரியும், அந்த ரெண்டையும் போனில் வீடியோ பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம். அடம் பிடித்துச் சீரோடு ஒரு கால்மிதி மெஷினையும் வாங்கிக்கொண்டு பரளச்சிக்கு வாக்கப்பட்டுப் போனேன். ஊரில் 'டெய்லரக்கா' என்று நாலு பேர் என்னைக் கூப்பிட வேண்டும். அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

மாமியாருக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. அது நின்ற இடம் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற இடம். மார்கழி பாதியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா தாயி, பொங்கல் கழிச்சு வத்தலு வீட்டுக்கு வந்திரும். அதுக்குள்ள நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு உருப்படியா ஒரு துணி தச்சுக் காட்டு. இல்லையின்னா மெஷினு லோடு ஆட்டோவுல ஏறி உங்க அப்பா வீட்டுக்குப் போயிரும், ஆமா."

"சரித்தே."

"புதுத்துணியில கத்திரிய வச்சிராத. உள்ரூம்புல பெட்டியில பழசு கெடக்கு, அத வெட்டிப் பழகு."

பிள்ளை என்றால் முதலில் கனிஷ்கா. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகள், ரெண்டாம் வகுப்பு, வாய் மட்டும் காலேஜ். என் வீட்டுக்காரரின் பழைய கட்டம்போட்ட சட்டையை வெட்டி அவளுக்கு முதல் கவுன் தைத்தேன். எங்கே எப்படித் திருப்பினேனோ தெரியவில்லை, சட்டையின் பாக்கெட் முதுகுப் பக்கம் போய்விட்டது. அவள் அதில் முறுக்கை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க, பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொன்று எடுத்துத் தின்றுவிட்டன. அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அடுத்தது மாமனாரின் வேட்டியில் ஒரு பாவாடை. அதற்குள் காலை விட்டவள் நடக்க முடியாமல் சாக்குப் பந்தயம் ஓடினாள். மாமியார் பார்த்துவிட்டுப் போனை எடுத்து லோடு ஆட்டோக்காரரிடம் பொங்கல் கழித்து வண்டி சும்மா இருக்குமா என்று விசாரித்தார்.

மறுநாள் எல்லாரும் மிளகாய்ப் பழம் எடுக்கக் காட்டுக்குப் போன நேரத்தில் உள்ரூமுக்குப் போனேன். கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் மிச்சமிருந்ததெல்லாம் தொட்டாலே இழைவிடுகிற துணி. மூலையில் பலகைமேல் மூடிபோட்ட ஓலைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால், அடடா, செக்கச்செவேலென்று ஒரு சின்னச் சேலை! அரக்கு நிறத்தில் கரை. ஓரமெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. யாரோ சமைத்த கையைத் துடைத்திருக்கிறார்கள், என்ன பொம்பளைகளோ என்று திட்டிக்கொண்டே சோப்புப் பவுடர் போட்டு அந்த மஞ்சளைக் கசக்கித் துவைத்தேன். கூடவே கண்ணாடி வளையலும் சின்னச் சீப்பும் கிடந்தன. கனிஷ்காவின் விளையாட்டுச் சாமான் போலிருக்கிறது என்று அவளிடமே கொடுத்துவிட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தேன். சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, அந்த ஓலைப்பெட்டித் துணிய எடுத்துக்கிறவா?" என்றேன். அவர் போனில் கண்ணை வைத்துக்கொண்டு "ம்" என்றார். (அந்த "ம்"முக்காக இன்றுவரை அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.)

என்ன மாயமோ, அந்தக் கவுன் மட்டும் அமைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காக ப்ரில், நெஞ்சில் அரக்குக் கரை, கழுத்தும் கழுத்து மாதிரியே இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கல் முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை வீட்டில் ஏதோ படையல், சொந்தக்காரர்களெல்லாம் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கனிஷ்காவுக்குப் போட்டுவிட்டு எல்லாரையும் அசத்த வேண்டும் என்று அதுவரை ஒளித்து வைத்தேன். யாருக்குப் படையல் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். இலை போட்டு, பச்சரிசி மாவு, வாழைப்பழம், சர்க்கரைப்பொங்கல் எல்லாம் வைத்தாயிற்று. மாமியார் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு உள்ரூமுக்குள் போனார். அந்த ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

காலையிலேயே கவுனைப் போட்டுவிட்டிருந்த கனிஷ்காவைக் கூட்டத்தில் தேடினேன், காணோம்.

பக்கத்தில் நின்ற என் மூத்த ஓரகத்தியிடம், "அக்கா, அது என்னக்கா பெட்டி?" என்றேன்.

"நம்ம கன்னியம்மா பெட்டிடி. நம்ம வீட்டுல ஆதியில சின்ன வயசுலேயே போய்ச் சேர்ந்த பொம்பளப் பிள்ள. தெய்வமா வச்சுக் கும்புடுறோம். வருஷா வருஷம் புதுச்சேலை வச்சு, பழைய சேலைய எடுத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிவிடணும்."

மாமியார் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. குலவை பாதியில் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து, கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, ப்ரில்லைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே கனிஷ்கா வந்து நின்றாள்.

"அப்பாயி, எப்படி இருக்கேன்? சித்தி தச்சாக!"

அடுத்து நடந்ததை முழுதாகச் சொல்ல எனக்கே வெட்கமாயிருக்கிறது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சாமி சேலையவா வெட்டுனா?" என்று ஒரு குரல், "டவுனுப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று இன்னொரு குரல். மஞ்சளைத் துவைத்ததையும் உளறிவிட்டேன். (கேட்காமலே சொன்னேன். அவ்வளவு நல்லவள் நான்.)

"ஏலே, அந்த மெஷினத் தூக்கி ஆட்டோவுல ஏத்து! இப்பவே போகட்டும்!" என்று மாமியார் மகனிடம் கத்தினார். திருச்சுழியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்த லோடு ஆட்டோ வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரரும் சித்தப்பா மகனும் மெஷினைத் தூக்கி ஏற்றியே விட்டார்கள். கயிறு கட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டு வாங்கியதுகூடப் பரவாயில்லை, அந்தக் கயிறு கட்டினதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போது என் மாமனாரின் தங்கச்சிக்குச் சாமி வந்துவிட்டது. திருச்சுழியில் வாக்கப்பட்டவர், நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். கன்னியம்மா எப்போது வந்தாலும் அவர்மேல்தான் வரும். தலைமுடி அவிழ்ந்து விழ, உடம்பு குலுங்க, "என் சேலை எங்கடி?" என்றார்.

எல்லாரும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"நான்தாம்மா வெட்டிட்டேன். தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சுக்கோ தாயி!"

சின்னம்மா கனிஷ்காவைப் பிடித்து இழுத்தார். ப்ரில்லைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் பார்த்தார். மாமியார் நடுங்கிக்கொண்டே கடையில் எடுத்த புதுச்சேலையை நீட்டினார். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, பிள்ளைக் குரலில் ஒரு அழுகை அழுதார் பாருங்கள்.

"எத்தன வருஷமா எனக்குச் சேலையே வைக்கிறீக! நான் சின்னப்பிள்ளதான? எனக்கும் கவுனு வேணும்!"

மாமியார்தான் முதலில் அழுதார். "ஆமா தாயி, நீ சின்னப்பிள்ளதான. எங்க புத்திக்கு எட்டலையே" என்று மாரிலடித்துக்கொண்டு அழுதார். அதுவரை எனக்காக அழுதுகொண்டிருந்த நானும், அதன் பிறகு அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுதேன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, மெஷின எறக்கு!" என்றார்.

அவருடைய கல்யாணச் சேலையையே கொண்டுவந்து என் மடியில் போட்டார். "பழசுல சாமிக்குத் தைக்கலாமாத்தே?" என்றேன். "அவ பெறந்த வீட்டுப் பழசு, அவளுக்கு இல்லாததா? வெட்டு" என்றார். கனிஷ்காவை நிறுத்தி அளவெடுத்தேன். கால் நடுங்கிய நடுக்கத்தில் மெஷின் தானாக ஓடியது. சின்னம்மா தலைவிரி கோலமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "ம்... ப்ரில்லு... இன்னும் ஒரு ப்ரில்லு" என்று உறுமினார். சாமியே பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கிய டெய்லர் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்துப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டோம். அன்றைய பதற்றத்தில் இரண்டு கையையும் இறுக்கமாக, தூக்கவே முடியாதபடி வைத்திருந்தேன். பெட்டிக்குள் போகிற துணிதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சின்னம்மாவைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது மெதுவாகக் கேட்டேன்: "சின்னம்மா, நேத்து நெசமாவே கன்னியம்மாதான் கேட்டுச்சா, இல்ல எனக்காக நீங்க...?"

"சாமி வந்தா எனக்கு நெனப்பு இருக்காதுடி" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த வருஷம் கையை மட்டும் கொஞ்சம் லூசா வையி" என்றார்.

அதற்கப்புறம் மெஷினை யாரும் தொடவில்லை. வத்தல் மூட்டைதான் வேறு இடம் தேடிப் போனது. சாமியே துணி தைக்கக் கொடுத்த இடம் என்று ஊருக்குள் பேராகி, பரளச்சியில் பாதிப் பிள்ளைகளின் கவுன் இப்போது என்னிடம்தான். வருஷா வருஷம் படையலுக்கு வீட்டுப் பழஞ்சேலை ஒன்றை வெட்டிக் கன்னியம்மாவுக்குக் கவுன் தைக்கிறேன். போன வருஷக் கவுனை எடுத்து வீட்டுப் பிள்ளை ஒருத்திக்குப் போட்டுவிடுவோம். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் அதில் ஏதாவது ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும். போட்டுக்கொண்ட பிள்ளை கழுத்து பிடிக்கிறது, கை தூக்க முடியவில்லை என்று சிணுங்கும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார்:

"ஏ கழுத, சாமியே அதப் போட்டுக்கிட்டு ஒரு வருஷம் வாயத் தொறக்காமப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஒரு நாளு போட்டா ஒனக்கு என்னடி கொள்ள?"