பைனல்காரர் மூன்று தரம் வெள்ளை அடித்த வீடு

ஆரணியில் பாவு பிணைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பாவு பிணைத்தபடியே ஐரோப்பா கண்டத்தைச் சுற்றி வந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரைப் பைனல்காரர் என்போம். அவருடைய அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது. ஓட்டுச் சாவடியில் பெயரைப் படித்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவரும் திரும்பிப் பார்ப்பார்.

தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், அதன் வால் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விபூதியைத் தொட்டுத் தொட்டு விரலால் திரித்துக்கொண்டு பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார வேண்டிய வேலை. மற்றவர்கள் ரேடியோ கேட்பார்கள், இல்லையென்றால் ஊர்வம்பு பேசுவார்கள். இவர் பந்தாட்டம் சொல்வார்.

எல்லாப் பந்தாட்டமும் கிடையாது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு ஒரு கோப்பைப் போட்டி உண்டாம். அந்தந்த நாட்டில் கோப்பை வாங்கிய டீம்கள் எல்லாம் ஒன்று கூடி, இன்னொரு கோப்பைக்காகத் தங்களுக்குள் ஆடுமாம். கோப்பை வாங்கினவர்களுக்கு எதற்கு இன்னொரு கோப்பை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அதிலும் முதல் ஆட்டம், நடு ஆட்டம் எதுவும் இவருக்கு வேண்டாம். பைனல் மட்டும்தான்.

பட்டுக் கடைகளில் புடவை சுற்றுவதற்குச் சென்னையிலிருந்து பழைய இங்கிலீஷ் பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அப்படி ஒரு கட்டில் கிழிந்த விளையாட்டுப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து நடந்த பைனல்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பத்தாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிற பைனல்களையும் அந்தக் கடைப் பேப்பரிலிருந்தே பொறுக்கிக்கொள்வார். பேப்பர் வந்து சேர ஒரு மாதம் ஆனாலும், அவருக்கு அன்றைக்குத்தான் ஆட்டம்.

பாவின் இந்த ஓரத்தில் முதல் பைனலை ஆரம்பித்தால், அந்த ஓரம் போய்ச் சேரும்போது கடைசி பைனல் வர வேண்டும். எங்கள் வீடும் தறி வீடுதான். அவர் வந்து பாவு பிணைக்கிற அன்று கடிகாரம் பார்க்க மாட்டோம்.

"எங்கய்யா வந்துகினு கீற?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

"லிஸ்பன்ல கீறேங்க. மூணுக்கு மூணு. மறுபடியும் ஆடணும்."

லிஸ்பன் என்றால் காபி கலக்க வேண்டும். ஜெர்மனியில் மாக்டபர்க் என்று ஓர் ஊர் ஜெயித்துவிட்டால் சோறு வடித்திருக்க வேண்டும். நான் அதே அறையில் ஒரு மூலையில் ராட்டையில் ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடுகிற இழைக்கு, நூல் சுற்றிக்கொண்டிருப்பேன்.

"ரெண்டாவது பைனல் இருக்குது பாருங்க, மே மாசம் ஆடி, ஆளுக்கு ஒரு கோலு. முடிவு தெரியல. திரும்ப ஆடுனது செப்டம்பர்ல."

"அதுவரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தானுங்க?"

"சும்மாதான் இருந்தானுங்க."

"நம்ம மொதலாளி அப்படி வுடுவாரா?" என்று வீட்டுக்காரர் பெருமூச்சு விடுவார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். வெளி மனிதர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. மனதுக்குள் மட்டும் கேள்விகள் முட்டும். அந்தக் கோப்பை எத்தனை பெரிசு? வெள்ளியா, பித்தளையா? ஜெயித்தவன் கொண்டுபோய் எங்கே வைப்பான்? புளி போட்டு விளக்குவார்களா? கறுத்துப் போகாதா? எல்லாரும் யார் ஜெயித்தான் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பல வருஷம் அந்தக் கேள்விகளை நூலோடு நூலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பைனல்காரர் மனைவி மரகதம், நான் வாய் திறந்து பேசுகிற இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள்? அவள் தம்பிக்குப் பெரணமல்லூரில் கல்யாணம். முகூர்த்தப் புடவையை ஆரணியிலிருந்து எடுத்து வருகிற பொறுப்பை நம்பி இவரிடம் விட்டார்கள். கடைக்காரர் புடவையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இவர் கண் பேப்பர்மேல் போயிருக்கிறது. விளையாட்டுப் பக்கம். புடவையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, பேப்பரைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்து, பெரணமல்லூரில் பேப்பரைப் பத்திரமாக நாலாக மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மணவறையில் ஐயர் புடவை கேட்கிறார். இவர் பேப்பரை நீட்டுகிறார்.

"பொடவ எங்கய்யா?" என்றாள் மரகதம்.

"பஸ்ல கீது, வந்துடும். அத வுடு. மரகதம், இந்த வருஷமும் போன வருஷத்து ஆளு ஜெயிக்கல! ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எந்த டீம்கிட்டயும் அந்தக் கப்பு சேர்ந்தாப்ல ரெண்டு வருஷம் இருந்ததே கெடையாது, தெரியுமா?"

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் சம்பந்தம் செய்த வீட்டில், பெண் இரவல் புடவை கட்டித் தாலி வாங்கினாள். கண்டக்டர் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தபோது பந்தியே முடிந்திருந்தது. மரகதம் அழவில்லை, கத்தவில்லை. எல்லார் எதிரிலும் சொன்னாள்: "எப்ப ஒரே டீம்கிட்ட அந்தக் கப்பு சேர்ந்தாப்ல ரெண்டு வருஷம் இருக்குதோ, அப்ப நான் ஆரணிக்கு வரேன். அதுவரைக்கும் நீ போயி பைனலோட குடும்பம் நடத்து."

அவள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவருடைய பந்தாட்டம் விளையாட்டாக இல்லை.

அடுத்த வருஷமே, கோப்பை வைத்திருந்த பார்மா என்ற இத்தாலி ஊர் மறுபடியும் பைனலுக்கு வந்துவிட்டது. இவர் சுண்ணாம்பு வாங்கி வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அவளுக்கென்று புதுப் பாய் வாங்கினார். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போனார். பஸ் இல்லாமல் பாதி வழி நடந்தாராம்.

"யோவ், பேப்பரே பழசு. அந்த ஆட்டம் முடிஞ்சு மாசம் ஆயிருக்கும்யா! இப்ப போயி வேண்டிகினு இன்னா புண்ணியம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு இன்னும் முடியலீங்களே" என்றார் பைனல்காரர்.

அடுத்த கட்டு பேப்பர் வந்தது. பார்மாவை லண்டன் டீம் ஒரே கோலில் கவிழ்த்திருந்தது.

மறு வருஷம் அதே லண்டன் டீம் பைனலில். மறுபடியும் வெள்ளை. இந்தத் தடவை கூடுதல் நேரமும் தீரப்போகிற கடைசி நிமிஷத்தில், எதிராளி ஒருவன் நடு மைதானத்துப் பக்கத்திலிருந்தே பந்தைத் தூக்கி அடித்து, கோல் காப்பவன் தலைக்குமேல் இறக்கிவிட்டான். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று பாவில் ஓர் இழை அறுந்தது. அவர் கையில் இழை அறுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு அடுத்து கோப்பை வாங்கிய பாரிஸ், மறு வருஷமும் பைனலுக்கு வந்தது. மூன்றாவது வெள்ளை. சுண்ணாம்பு கனத்தில் வீடே உள்ளுக்குள் சிறுத்துவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி என்னிடம், "பொங்கலுக்குக்கூட அடிக்க மாட்டாரு, பாரிஸுக்கு அடிக்கறாரு பாரு" என்றாள். பாரிஸும் ஒரே கோலில் தோற்றது.

தொண்ணூற்றொன்பதில் ரோம் நகரத்து டீம் ஜெயித்தது. "அடுத்த வருஷம் ரோம் விடாதுங்க" என்று அடித்துச் சொன்னார் பைனல்காரர். மறு வருஷம் பேப்பர் கட்டு கட்டாகப் பிரித்தார். பைனல் வரவில்லை. கடையில் இருந்த பேப்பரை எல்லாம் புரட்டி, கடைக்காரரைப் பேஜார் பண்ணி, ஒரு மூலையில் நாலு வரி கண்டுபிடித்தார். அந்தப் போட்டியையே நிறுத்தி, இன்னொரு போட்டியோடு சேர்த்துவிட்டார்களாம்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பாவு பிணைக்க வந்தார். முதல் பைனலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். குரலில் உப்பே இல்லை. ரோம் வந்தது. இன்னும் நாலு விரல் அகலம் இழை பாக்கி இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா, முடி. பாக்கி கீது பாரு" என்றார் வீட்டுக்காரர்.

"முடிஞ்சிடுச்சுங்க. இனிமே ஆட்டமே கெடையாது. அவ இனிமே எப்படிங்க வருவா?"

விபூதிச் சாம்பல் ஒட்டிய தன் விரல்களையே பைனல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் அந்தப் பழைய கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ராட்டை நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, அந்தக் கப்பு இப்ப யாரு வூட்ல கீது?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன்.

"ரோம்லதான் தங்கச்சி. கடைசியா வாங்குனது அவங்கதானே."

"போன வருஷம்?"

"ரோம்ல."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷமும் ரோம்லதான். வாங்கிகினு போறதுக்குத்தான் வேற ஆளே..."

பேச்சு பாதியில் நின்றது. விபூதிக் கிண்ணம் கவிழ்ந்தது. நாலு விரல் இழையை அப்படியே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார். பாக்கியை என் வீட்டுக்காரரே திட்டிக்கொண்டே பிணைத்தார். அந்த ஓரத்தில் முடிச்சு தடித்துப் போனது.

பெரணமல்லூரில் நடந்ததை மரகதம் பிறகு சொன்னாள். மூச்சிரைக்க வந்து ரோம் கதையைச் சொன்னவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள்.

"இது உன் புத்தி இல்ல. உனக்கு ஆட்டம்தான் தெரியும், பாத்திரம் தெரியாது. யாரு சொன்னது?"

"நம்ம தெரு தங்கச்சி. நூல் சுத்துமே, அதான்."

"அது வாயத் தொறந்து பேசிச்சா? உன்கிட்டயா?"

"பேசிச்சு மரகதம். மூணு கேள்வி கேட்டுச்சு."

"அப்போ நான் வந்துதான் ஆவணும்" என்று பையை எடுத்திருக்கிறாள்.

ஆரணி வந்ததும் வாசலிலேயே சண்டை. "மூணு தரம் அடிச்சியாமே, நான் வர அன்னிக்கு ஏன்யா வெள்ளை அடிக்கல?"

"ஒரு வருஷம் முன்னாடியே ஜெயிச்சிட்டேன்னு எனக்குத் தெரியலியே" என்றார் இவர்.

அதற்குப் பிறகும் பல வருஷம் பாவு பிணைத்தார். பைனல் வரிசை மட்டும் ஒன்று கூடிவிட்டது. ரோம் முடிந்ததும் என் பக்கம் திரும்பாமலே சொல்வார்: "அப்பறம் ஒரு பைனல் ஆரணியில நடந்துச்சுங்க. மூணு கோலு. அடிச்சவங்க உக்கார்ந்த எடத்த வுட்டு எழுந்திருக்கவே இல்ல."

அந்தக் கோப்பை வெள்ளியா, பித்தளையா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. ஒரே நாளில் மூன்று கேள்வி கேட்டதே எனக்கு ஆயுசுக்கும் போதுமாக இருந்தது. இப்போது மரகதமும் இல்லை, அவரும் இல்லை. கடையிலிருந்து புடவை சுற்றி வருகிற பேப்பரை மட்டும் நான் கசக்கி எறிவதில்லை. விளையாட்டுப் பக்கம் இருந்தால் நாலாக மடித்துத் தனியே வைத்துவிடுகிறேன். அண்ணன் இருந்தால் கேட்பார்.