முதலிலிருந்து தூங்கவும்

கேப்டன் துணி அலமாரிக்குள் தலையை வைத்துப் படுத்திருந்தார். கால்கள் வெளியே அறையில் கிடந்தன. பட்டப்பகலில் வெளிச்சம் படாமல் தூங்க அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் அகப்படவில்லை.

இரவெல்லாம் விமானம் ஓட்டிவிட்டு, ஊர் பல் தேய்க்கிற நேரத்துக்கு வீடு வந்தவர். சாயங்காலம் மறுபடி ஓட்ட வேண்டும். போய்விட்டு விடிவதற்குள் திரும்பிவிட்டால், நேரே மகளின் பள்ளிக்கூடம். நாளைக் காலை அங்கே பெற்றோர்கள் வந்து, அவரவர் பார்க்கிற வேலையைப் பற்றி வகுப்பில் பேசுகிற நாள்.

ஏற்கெனவே இரண்டு வருஷம் டிமிக்கி கொடுத்தாயிற்று. முதல் வருஷம் அவருக்குப் பதிலாக அவருடைய தொப்பி போனது. அடுத்த வருஷம் தொப்பியும் அவரோடு சேர்ந்து பறந்துவிட்டது.

"எனக்கு அப்பாவே இல்லைன்னு சொல்றாங்கப்பா," என்று மகள் அழுதிருந்தாள். "இருக்கார், பைலட்டா இருக்கார்னு சொன்னேன். உங்கப்பா பைலட்டுன்னா எங்கப்பா நிலாவுக்கே போயிட்டு வந்தவர்னு மளிகைக்கடைக்காரர் பொண்ணு சிரிக்கிறா. இந்த வருஷமும் நீ வரலைன்னா, நான் இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்."

"தலையே போனாலும் வர்றேன்டா கண்ணு," என்று கேப்டன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தலைதான் இப்போது அலமாரிக்குள் இருந்தது.

மனைவி வீட்டையே ஊமையாக்கி வைத்திருந்தாள். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. குக்கர் விசில் அடிக்குமே என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. சொட்டுகிற குழாய்க்குக் காயம்பட்ட விரல் மாதிரி துணி சுற்றியிருந்தாள். கம்பெனிச் செய்தி வருகிற அவர் போனை மட்டும் அணைக்க வழியில்லை.

அசந்தவனுக்குக் கல்லும் மெத்தை என்பார்கள். கல்லைச் சுமந்து அசந்தவனுக்கு அது சரிதான். உட்கார்ந்த இடத்தில் கண் விழித்தே அசந்தவனுக்கு மெத்தையும் கல்தான். கேப்டன் இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். வீம்பு பிடித்த மாப்பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த தூக்கம், ஒருவழியாக மனசு இறங்கி வந்தது. கண் செருகியது.

போன் அடித்தது.

"வணக்கம் சார். நம்ம கம்பெனியோட ஓய்வு நலப் பிரிவுலேர்ந்து பேசுறேன். நல்லா ஓய்வு எடுக்குறீங்களா சார்?" என்றது ஒரு பெண்குரல்.

"எடுத்துக்கிட்டிருந்தேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். பைலட்டுங்களுக்கு ஓய்வே கிடைக்கலைன்னு புகார் வந்துச்சுல்ல? அதுக்காகத்தான் புதுசா எங்கள வேலைக்குப் போட்டிருக்காங்க. ஓய்வுல இருக்குற ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு விசாரிக்கணும்."

கேப்டன் சட்டென்று எழுந்தார். அலமாரித் தட்டு நெற்றியில் இடித்தது.

"ஏம்மா, உனக்கு ரூல் தெரியுமா? ஓய்வு நேரத்துல கம்பெனி ஆளு யாராவது பைலட்கிட்ட பேசினா, அந்த ஓய்வு கலைஞ்சதா கணக்கு. மறுபடி முதல்லேர்ந்து ஓய்வெடுக்கணும். அதுவரைக்கும் விமானத்தைத் தொடக்கூடாது."

"அய்யய்யோ! அப்ப நான் கலைச்சிட்டேனா சார்?"

"நீ பேசவே இல்லைன்னு வச்சுக்குவோம். நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். போனை வச்சிடு தாயே."

"அதெப்படி சார்? பேசுறது எல்லாமே பதிவாகுது. இப்ப நீங்க பொய் சொல்லச் சொன்னதும் பதிவாயிருக்கும்."

கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வந்து விழுந்தது. சாயங்கால விமானத்தை வேறொருவர் ஓட்டுவார். கேப்டனுக்கு நாளை விடியற்காலை விமானம். போய்த் திரும்ப மதியம் தாண்டிவிடும்.

"அப்ப ஸ்கூலு?" என்றாள் மனைவி.

"பதறாத. கட்டத்துக்கிட்ட பேசி இப்பவே சரி பண்ணிடுறேன்."

கட்டம் என்பது விமானிகளுக்கு வேலை நேரம் பிரித்துப் போடுகிறவரின் பட்டப்பெயர். நாள் முழுக்கக் கணினியில் கட்டம் கட்டமாக ஆட்களை இட்டு நிரப்புவது அவர் வேலை. ஜாதகத்தில் கட்டம் சரியில்லை என்றால் பரிகாரம் உண்டு. இந்தக் கட்டத்துக்கு அதுவும் கிடையாது.

"கேப்டனா? நீங்க ஓய்வுலல்ல இருக்கீங்க?" என்றார் கட்டம்.

"ஆமாங்க, அந்த விடியக்காலை ட்ரிப்பை மட்டும்..."

"அடடா. நானும் கம்பெனி ஆளாச்சே! போச்சு போங்க. மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும். விடியக்காலை இனிமே உங்களுக்கு ஆகாது. காலையில ஒன்னு கிளம்புது, அதுல போடுறேன்."

அது சரியாக வகுப்பில் மணி அடிக்கிற நேரத்துக்குக் கிளம்புகிற விமானம்.

"நான் பேசவே இல்லைங்க! இதோ வச்சிடுறேன்!"

"பேசவே இல்லைன்னு இவ்வளவு சத்தமா பேசுறீங்களே கேப்டன்," என்று கட்டம் வருத்தத்தோடு வைத்துவிட்டார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் ஒரு பொழப்பாங்க? பஸ் ஓட்டுறவராவது பஸ்ஸ டிப்போவுல விட்டுட்டு நிம்மதியா வீட்டுக்கு வர்றார். பேசாம களைப்பா இருக்குன்னு சொல்லிடுங்க. உண்மைதானே?"

கேப்டன் முகம் வெளுத்தது. களைப்பு என்பது விமானிகள் எல்லோரிடமும் இருப்பது. எவரும் வாயால் சொல்லக்கூடாதது. சொன்னவர் உடனே கிளம்பிப் போய்க் கம்பெனி டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். களைப்பு நிஜமா, பாசாங்கா என்று அவர்தான் தீர்ப்புச் சொல்வார்.

ஆனாலும் மகளின் முகம் கண்ணில் நின்றது. போனில் செய்தி அனுப்பிச் சொன்னார். கிளம்பினார். வெயிலில், வாகன நெரிசலில், தூங்கக் கிடைத்த மத்தியானம் முழுவதும் காருக்குள் வெந்தது.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. எதிரே டிவி. 'நல்ல தூக்கத்துக்கு நல்ல வழிகள்' என்று அதில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு விமானி உட்கார்ந்திருந்தார்.

"சின்ன வயசுல அண்ணாந்து வானத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன்," என்றார் கேப்டன். "இப்ப தலையணையைப் பார்த்தாதான் ஆசையா இருக்கு."

பக்கத்து விமானி கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தார். நடுவில் இரண்டு தடவை அவரே கொட்டாவி விட்டார்.

"உங்களுக்கு என்னன்னா, தூக்கம் போதல."

"அது தெரிஞ்சுதான் டாக்டர் வந்திருக்கேன்."

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. சரியாயிடும். இதுக்கெல்லாம் லீவு தரமுடியாது."

"தூங்கிட்டுதான் இருந்திருப்பேன். நீங்க வரச் சொன்னதாலதான் முழிச்சிருக்கேன்."

"அப்ப வராம இருந்திருக்கலாமே," என்றார் டாக்டர், உண்மையான அக்கறையோடு.

டாக்டரும் கம்பெனி ஆள்தான். வீடு வந்து சேருமுன் செய்தி வந்துவிட்டது. ஓய்வு மறுபடியும் கலைந்தது. இப்போது நாளை மதியம் கிளம்புகிற விமானம். ஆனால் அதற்குக் காலையிலேயே போய்க் கையெழுத்துப் போட்டு நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் போனது போனதுதான்.

கேப்டன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய், இங்க வா! ஓய்வு கலையக் கலைய விமானம் தள்ளித் தள்ளித்தானே போகுது? இன்னும் ஒரே ஒரு தடவை கலைஞ்சா, நாளைக்குச் சாயங்காலத்துக்குப் போயிடும். காலையில நான் ஸ்கூலுக்கு வந்துடலாம்!"

"அப்ப கூப்பிடுங்களேன் உங்க கட்டத்தை!"

கூப்பிட்டார். கட்டம் எடுக்கவில்லை. ஓய்வு நலப் பிரிவுக்குக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 'இந்தக் கேப்டனின் ஓய்வு பலமுறை கலைந்துவிட்டது. எக்காரணம் கொண்டும் இவரிடம் யாரும் பேசக்கூடாது' என்று கம்பெனி முழுக்க அறிவிப்புப் பறந்திருந்தது அவருக்குத் தெரியாது.

"நாள் பூரா வேண்டாம் வேண்டாம்னாலும் பேசினாங்க. இப்ப கெஞ்சினாலும் ஒருத்தனும் எடுக்கமாட்டேங்குறானே!" என்று புலம்பினார்.

"தள்ளுங்க," என்று மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் போனை எடுத்தாள். புகார் சொல்கிற எண்ணுக்கு அடித்தாள்.

"நான் கேப்டன் வீட்டுக்காரி பேசுறேன். என்னங்க நினைச்சுக்கிட்டிருக்கீங்க? மனுஷனைத் தூங்க விடாம அடிச்சிட்டீங்களே! உங்களுக்கெல்லாம் வீட்ல புள்ளகுட்டி இல்லையா?"

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்று ஒருவர் நடுங்கினார். "பெரிய தப்பு நடந்துபோச்சு."

"என்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன ஆகப்போகுது? பாதிக்கப்பட்டவர் அவரு. பாவம், இப்பத்தான் கண்ண மூடினாரு. எழுப்பியா கேப்பீங்க?"

"கேக்காம விடமாட்டோம் மேடம்! எங்க மேனேஜரே கூப்பிட்டுக் கேப்பார்!"

கேப்டன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது அடித்து முடிப்பதற்குள் எடுத்தார்.

"கேப்டன், உங்க ஓய்வைக் கலைச்சதுக்காகக் கம்பெனி சார்பா..."

"மன்னிச்சேன் சார்! மனசார மன்னிச்சேன்!" என்று கத்தினார் கேப்டன்.

விமானம் நாளைச் சாயங்காலத்துக்குப் போய்விட்டது. மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். குழாய்க் கட்டை அவிழ்த்தாள். மகள் வீடெல்லாம் குதித்தாள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம். ஆனால், ரூலை மாற்றிவிட்டோம் வா என்று யாராவது சொல்லிவிட்டால்? போனைப் பார்த்துக்கொண்டே கிடந்த கேப்டனுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

காலையில், இஸ்திரி போட்ட சீருடையும் தோளில் பட்டையும் தலையில் தொப்பியுமாக வகுப்புக்குள் நுழைந்தார். கண் மட்டும் மிளகாய்ப்பழம். மகள் அவர் விரலைப் பிடித்து, பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் கொண்டுவருவது போலக் கூட்டிவந்தாள்.

மேகத்துக்கு மேலே எப்போதும் வெயில் என்றார். ராத்திரியில் ஊர்கள் தணல் மாதிரி தெரியும் என்றார். சொல்லிக்கொண்டே இருந்தவர், நின்ற நிலையில் ஒரு கணம் தூங்கிப்போனார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திடுக்கிட்டு விழித்து, பழக்கதோஷத்தில், "பயணிகள் எல்லாரும் பெல்ட் போட்டுக்கங்க. கொஞ்சம் குலுங்கும், பயப்படாதீங்க," என்றார் கனத்த குரலில்.

வகுப்பு எழுந்து நின்று கை தட்டியது. சிலர் நிஜமாகவே இடுப்பில் பெல்ட்டைத் தேடினார்கள். மளிகைக்கடைக்காரர் மகள் திறந்த வாயை மூடவில்லை. நிலாப் பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

"என்ன, இப்பவாவது இவளோட அப்பா பைலட்டுன்னு எல்லாரும் நம்புறீங்களா?" என்று டீச்சர் சிரித்தார்.

"நம்புறோம் டீச்சர்!"

மகள் ஒரு சாண் உயர்ந்து நின்றாள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி மட்டும் கை தட்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ நம்பலையா?" என்றார் டீச்சர்.

அவள் மெதுவாக எழுந்தாள்.

"நேத்து வரைக்கும் நம்பினேன் டீச்சர். எங்கப்பாவும் பைலட்தான்... நெஜ பைலட்டா இருந்தா, ஸ்கூலுக்கெல்லாம் வரவே முடியாது."