எழுதினால் நடந்தது

மனித குலத்தில் காகிதபட்சிணி என்றோர் இனம் உண்டு. மழையில் தொப்பலாக நனைந்தாலும் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகுதான் குடை விரிக்கும். எழுதி வைத்தது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. அவ்வளவுதான் அதன் வேதாந்தம்.

உங்களுக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் நிர்வாகியைக் காட்டலாம். 'கோப்பு ஐயா' என்று ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், சொல்லும் வேகத்தில் 'கோப்பையா' ஆகிவிட்டது. யாராவது தண்ணீர் கேட்டால், கேட்டதை எங்கே குறித்திருக்கிறது என்பார். கெட்டவரா? சேச்சே. மனைவியின் பிறந்தநாளை அவர் ஒரு வருடம்கூட மறந்ததில்லை, குறித்து வைத்திருக்கிறார். வாழ்த்தியதாகவும் குறித்து வைத்திருக்கிறார்.

இல்லத்தின் மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். மூன்று வாரத்தில் மதிப்பீட்டுக் குழு வரும் என்று கடிதம் வந்தது. உடனே பயிற்சிக் கூடத்தைப் பூட்டி, இரண்டு வருடப் படிவங்களைத் தரையெல்லாம் பரப்பி, விட்டுப்போன கட்டங்களை நிரப்பச் சொல்லி பிசியோதெரபிப் பெண்ணை அவற்றின் நடுவே உட்கார வைத்துவிட்டார். அங்கீகாரம் பயிற்சிக்குத்தான், அதற்காகப் பயிற்சியை நிறுத்தினால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகியது ஒருவருக்கு. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அங்கே இருந்தார். பக்கவாதத்தில் வலது கால் சொன்ன பேச்சு கேட்காமல் போய், ஆறு மாதம் மல்லுக்கட்டி, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடக்கும் அளவுக்கு வந்திருந்தார். மகள் வீட்டு வாசலில் நாலு படி. அதை அவர் ஏறிவிட்டால் போதும், அழைத்துப் போய்விடுவதாக மகள் சொல்லியிருந்தாள். முன்னறைக்கு வெள்ளைகூட அடித்துவிட்டாள்.

"சார், மூணு வாரம் விட்டா அவர் கால் பழையபடி ஆயிடும். தினம் அரை மணியாவது விடுங்க" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டுப் பார்த்தாள்.

"அவர் காலுக்காகத்தானேம்மா இவ்வளவும். அங்கீகாரம் வரட்டும், அப்புறம் நிம்மதியா நடக்கட்டும்."

நடக்காத பயிற்சியை எழுத மாட்டேன் என்று அவள் பேனாவை வைத்துவிட்டாள். கோப்பையா சளைக்கவில்லை. அந்த மூன்று வாரத்தையும் தன் முத்து முத்தான கையெழுத்தில் தாமே எழுதினார். முதல் வாரம் இருபது அடி. இரண்டாம் வாரம் நாற்பது. மூன்றாம் வாரம் நாலு படி ஏறினார். அந்த வரியை எழுதி முடித்தபோது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மகளுக்குப் போன் போட்டு, அப்பாவை வந்து அழைத்துப் போகலாம் என்று நல்ல சேதி சொன்னார்.

குழு வந்த அன்றே மகளும் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். கோப்பைப் புரட்டிப் புரட்டி வியந்த மதிப்பீட்டாளர் அம்மாள், இந்த ஓட்டுநரை ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். காகிதபட்சிணிக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா? அதுதான் எழுதியிருக்கிறதே!

ஓட்டுநர் கம்பியைப் பிடித்து எழுந்தார். ஒரு அடி வைத்தார். இரண்டாவதில் முழங்கால் வெடவெடவென்று ஆடி, நாற்காலியில் சரிந்துவிட்டார்.

மூன்று வாரமாகப் பயிற்சியே நடக்கவில்லை, அந்தப் பக்கங்கள் தன்னுடையவை அல்ல என்று பிசியோதெரபிப் பெண் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள்.

மகள் கோப்பையா பக்கம் திரும்பினாள். "அப்பா படி ஏறிட்டாருன்னு நீங்கதானே சார் போன் பண்ணீங்க?"

அவர் பக்கத்தைத் திறந்து நீட்டினார். "பாருங்கம்மா, தேதியோட இருக்கு."

ஓட்டுநரின் நாக்கு இன்னும் குழறும். அதனால் நிதானமாகச் சொன்னார்: "அந்த ஃபைலை என் மக வீட்டுக்கு அனுப்பிடுங்க சார். அது நாலு படி ஏறும்."

அங்கீகாரம் கிடைக்கவில்லை. பிசியோதெரபிப் பெண்ணின் வேலையும் போகவில்லை. உண்மை பேசியவரை நீக்கக் கூடாது என்று மதிப்பீட்டாளர் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எழுத்தை மீறக் கோப்பையாவால் முடியுமா? மறுநாள் பத்து மணிக்குக் 'குறை நீக்கக் கூட்டம்' கூட்டினார். ஒருவரும் வரவில்லை. பிசியோதெரபிப் பெண் கூடத்திலிருந்த படிவங்களை வாரி வெளியே போட்டுவிட்டு, ஓட்டுநரை முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தாள். மகள் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமானது. ஒருநாள் ஓட்டுநர் கைத்தடி ஊன்றி, யாரும் பிடிக்காமல், இல்லத்து வாசல் வழியே நடந்து போய், மகள் வீட்டுக்குப் போகும் காரில் ஏறினார். ஊழியர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வாசலிலேயே இருந்தும் கோப்பையா பார்க்கவில்லை. குனிந்து அதை எழுதிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், சோபாவில் சாய்ந்தபடி கைபேசியை ஆட்டி ஆட்டி இன்றைய ஐயாயிரம் அடியை முடித்தவர் யார்? 'அம்மாவிடம் பேச வேண்டும்' என்று குறித்து, பேசாமலே அந்த வரியை அடித்துவிட்டவர் யார்? சரி, விடுங்கள். இந்தக் கட்டுரையையும் படித்ததாக எங்காவது ஒரு டிக் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எத்தனை பத்தி தாண்டினீர்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்?