டெமோவும் வராத தேத்தண்ணியும்

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களில் டெமோவைவிடப் பயந்த மனிதன் கிடையாது. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒரே மனிதனும் அவன்தான்.

இரண்டுக்கும் நானே சாட்சி. அவன் ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. காலையில் வேலைக்கு இறங்குபவன், காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கத் திரும்ப ஏறுவான். இறங்குவான். கதவைப் பூட்டினேனா என்று பார்க்க மறுபடி ஏறுவான். லிஃப்டில் போகலாமே என்றால், "நடுவில நிண்டா என்ன செய்யிறது அண்ணை?" என்பான். எங்கள் கட்டடத்திலேயே பலமான கால்கள் அவனுக்குத்தான்.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கிளார்க். மற்றவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்துகளை நாள் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவற்றைத் தனக்குப் பொருத்திப் பார்ப்பான். மிச்ச நேரத்தில் தன் லப்டொப்பில் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தான். ஒரு கதாநாயகனாக நாமே மாறி, தெருத்தெருவாக அலைந்து, கண்டவர்களோடெல்லாம் கதைத்து, பூதங்களோடு சண்டை பிடித்து, கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுகிற வகை விளையாட்டு. கொட்டாஞ்சேனைத் துறைமுகப் பக்கம் ஒரு பெரிய பூதம் இருக்கிறது. நாயகன் வெள்ளவத்தையிலிருந்து போய் அதை வெல்ல வேண்டும். "எப்ப முடியும்?" என்று யார் கேட்டாலும், "இது டெமோ மட்டும்தான்" என்று கையைப் பிசைவான். டெமோவில் நாயகன் பஸ்கூட ஏறவில்லை. தாய் தகப்பன் வைத்த பெயரை அதற்குப் பிறகு கட்டடத்தில் யாரும் பாவிக்கவில்லை.

விளையாடிப் பார்த்துக் குறை நிறை சொல்ல அவன் தெரிவு செய்த ஆள் நான். நான் கடைசியாக விளையாடிய கேம் பழைய ஃபோனில் இருந்த பாம்பு. அதிலும் என் வாலை நானே கடித்துத்தான் செத்தேன்.

"நீங்கள் நாலு புத்தகம் வாசிச்ச ஆள் அண்ணை. ஒளிக்காமச் சொல்லுங்கோ."

ஒளிக்க இடமே இருக்கவில்லை. மேற்கே இருக்க வேண்டிய கடல் காலி வீதிக்குக் கிழக்கே இருந்தது. நாயகன் மருந்துக்கடைச் சுவருக்குள் புகுந்து நகைக்கடைச் சுவரால் வெளியே வந்தான். நடக்கும்போது அவன் கால்கள் முன்னாலும் உடம்பு சற்றுப் பின்னாலும் வந்தன. எல்லாவற்றிலும் மோசம் சண்டை. தெருவில் வரும் சின்னப் பூதத்தை அடித்து வீழ்த்தினால் அதை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். பார்வையாளர் நேரத்தில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும்.

"இது என்னடாப்பா அநியாயம்?"

"அடிச்சுப்போட்டு அப்பிடியே விடுறதோ அண்ணை? அதுக்கும் ஆக்கள் இருப்பினம்தானே?"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் நாயகன் வாள் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போகலாம். அடையாள அட்டை இல்லாமல் போக முடியாது. மறந்து இறங்கினால் திரையின் மூலையில் 'பயம்' என்றொரு சிவப்புக் கோடு மெல்ல நிறையும். முதல் தடவை அது நிறைந்தபோது நான் விளையாட்டை நிறுத்திவிட்டு என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். செக்பொயின்ற் காலத்தில் கொழும்பில் இருந்த எங்கள் வயதுத் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இது குறையா நிறையா என்று அவன் கேட்டான். நிறை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்னொரு நிறை, தேத்தண்ணி. விளையாட்டின் கடைசியில் நாயகன் ஒரேயொரு வீட்டுக்குள் போவான். அங்கே ஒரு அக்கா வந்து, எந்த ஊர், யாருடைய மகன், இன்னும் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று விசாரித்து முடித்து, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பாள். 'ஓம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். குடிக்காமல் கதவு திறக்காது. உலகம் அழிந்துகொண்டிருந்தாலும் அதேதான்.

இந்த நேரத்தில்தான் அவன் மனைவி வதனி ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் விளையாட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதன் முன்னால் குனிந்திருந்த முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

"அண்ணை, நீங்களே கேளுங்கோ. இவர் என்ர முகத்தைப் பாத்துக் கதைச்சு எத்தினை மாசம்! வாற கிழமை ஏதோ கண்காட்சியாம், கேம் செய்யிற ஆக்கள் கொண்டுபோய் வைக்கிறவையாம். வைக்கட்டும். தெரியாத ஒரு ஆள், ஒரேயொரு ஆள், இடையில எழும்பாம விளையாடி முடிக்கட்டும். நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி லப்டொப்பை வித்துப்போட்டு மனுசரோட இருக்கச் சொல்லுங்கோ."

டெமோ என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடற்கரையோரமாக ரயில் ஒன்று போனது.

கண்காட்சி மண்டபம் நிறையக் கறுப்பு டீசேர்ட் பொடியன்கள். பக்கத்து மேசைகளில் வெடிச் சத்தமும் நெருப்புமாக இருந்தது. எங்கள் மேசையில் நாயகன் அடையாள அட்டை தேடிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், பக்கத்து மேசைக்குப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் டெமோ கைக்குட்டையால் விசைப்பலகையைத் துடைத்தான். அதில் அழுக்கே இருக்கவில்லை. வதனி எங்களுக்குப் பின்னால் கதிரையில் கைப்பையை மடியில் வைத்து, டாக்குத்தரைக் காண வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு குடுமி கட்டிய ஒரு சிங்களப் பொடியன் வந்து உட்கார்ந்தான். அடியில் ஓடிய ஆங்கில வரிகளை ஒன்றுவிடாமல் வாசித்தான். அட்டையைத் தேடி எடுத்தான். பூதத்தை அடித்தான். தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தான். அக்கா வீடு மட்டும்தான் மிச்சம். டெமோ என் முழங்கையைப் பிடித்தான். இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது.

அங்கே நீல ஹவுஸ்கோட் போட்ட அக்கா விசாரணையை முடித்துக்கொண்டு கேட்டாள்: "தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

பொடியன் உடனே 'ஓம்' என்று அமர்த்தினான்.

தேத்தண்ணி போட அக்கா குசினிக்குள் போனாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வரவில்லை.

டெமோ என் பக்கம் குனிந்தான். என் காதுக்குள் சொன்னான்: "அண்ணை... நான் 'ஓம்' எண்டதுக்கு ப்ரோகிராமில ஒண்டும் எழுதேல்லை."

"ஏன்?"

"கேட்ட உடன ஆர் அண்ணை ஓம் எண்டு சொல்லுறது?"

உண்மைதான். முதல் கேள்விக்கு வேண்டாம் என்போம். இரண்டாவதுக்கு, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்போம். பிறகு கோப்பை தானாக வரும். அவன் 'வேண்டாம்' என்ற பட்டனுக்குப் பின்னால்தான் தேத்தண்ணியை வைத்திருந்தான். மாதக்கணக்காகப் பரீட்சித்த நானும் ஒரு தடவைகூட 'ஓம்' அமர்த்தவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை பாருங்கள்.

பொடியன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு, "அய்யே, மேக்க ஹிரவெலாத?" என்றான். சிக்கிவிட்டதா என்று கேட்கிறான்.

"நே மல்லி," என்றான் டெமோ, "தே ஹதனவா." இல்லைத் தம்பி, தேத்தண்ணி போடுகிறாள்.

அந்த நல்ல பிள்ளை அதற்குப் பிறகும் இருந்தான். வெற்று அறையில் நாயகன் இருந்தான், மேசைக்கு முன்னால் பொடியன் இருந்தான், குசினியில் அக்கா இருந்தாள். கடைசியில் கூட்டாளிகள் வந்து தோளில் தட்டினார்கள். மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துவிட்டு எழும்பினான்.

டெமோ வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினான்.

"என்ன செய்யிறியள்?" பின்னால் வதனியின் குரல்.

"எழும்பிட்டான்தானே வதனி. நாளைக்கே விக்கக் குடுக்கிறன்."

வதனி எழும்பி வந்து திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"குசினிக்குள்ள போனவள் போட்டிருந்த நீல ஹவுஸ்கோட் என்ரயெல்லோ?"

அவன் வயரைப் பார்த்தான்.

"அது நானோ?"

"ஓம்," என்றான், வயரிடம்.

"ஓம் எண்டு வாய் திறந்து கேட்ட பிள்ளையை இருத்தி வச்சிட்டு நான் எங்க போனனான்?"

"குசினியில... நிக்கிறீர்."

"என்னைக் குசினியில விட்டிட்டு விக்கப் போறியளோ? அந்தப் பிள்ளை வீட்டை போய் என்ன சொல்லும், தமிழாக்கள் வீட்டில தேத்தண்ணியும் இல்லையாம் எண்டோ? முதல்ல என்னைக் கோப்பையோட வெளியில எடுங்கோ. பிறகு கதைப்பம்."

எடுத்தான். இப்போது திரையில் அவள் கோப்பையோடு வருகிறாள். ஆனால் வதனிக்கு அது போதவில்லை. ஹவுஸ்கோட்டை மாற்றி நல்ல சேலை ஒன்று கட்டிவிடச் சொன்னாள். பிறகு வீட்டுக்குத் திரைச்சீலை. பிறகு தேத்தண்ணியோடு கடிக்க ஏதாவது. இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை பிடிப்பது மூன்றாம் மாடிவரை கேட்கிறது. விற்கிற பேச்சு மட்டும் கேட்கவில்லை.

நாயகன் இன்னும் பஸ் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெமோ லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கி வருகிறான். நாயகனின் கால்கள் ஒழுங்காக நடக்கின்றன, சுவர்கள் சுவர்களாக நிற்கின்றன. ஒரு நாள் வந்து, "முடிஞ்சுது அண்ணை" என்று சொல்லிவிடுவானோ என்று எனக்கு இப்போதெல்லாம் சனிக்கிழமையே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன சாக்குச் சொல்லி இங்கே வருவான்? அதனால் வாரம் தவறாமல் புதிதாக ஒரு குறையைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறேன்.